என் மூச்சுக்குழாய்க்கு நீ பார்த்த முகூர்த்தம்

கணேசா,

நலம் என்று எழுதினால் அது பொய். நலமா என்று உன்னைக் கேட்டால், அப்பா குத்திப் பேசுகிறார் என்பாய். ஆகையால் இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். நாம் போனில் பேசுகிற அழகுதான் உனக்குத் தெரியுமே. நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் பாதியில் மூச்சு முட்டுகிறது, அதன் பின்னாலேயே இருமல் வருகிறது. இருமி முடித்து நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் நீ உன் பக்கத்து நியாயம் மொத்தத்தையும் சொல்லி, "சரிப்பா, ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிடுகிறாய். குற்றாலத்தில் சீசன் டியூட்டி பார்த்த ஏட்டு நான். மெயின் அருவி இரைச்சலை மீறி ஆட்களைக் கரைக்குக் கூப்பிட்ட தொண்டை இது. பெற்ற பிள்ளையின் பேச்சுக்கு நடுவே ஒரு வார்த்தை போட இன்றைக்கு அதற்கு வக்கில்லை. காகிதத்தில் இருமல் வராது. அதனால் இன்று நான் பேசுகிறேன், நீ கேள்.

மருந்து ஒன்று தீர்ந்துபோனது, வேறு கம்பெனி மருந்து வாங்கலாமா என்று கேட்பதற்காக மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த நர்ஸ் என் பேரைக் கேட்டதும், "உங்க ஆபரேஷனைத்தான் ஆடிக்கு மாத்தியாச்சே சார், உங்க மகன் பேசினாரே. நீங்கதான் தள்ளி வைக்கச் சொன்னதா சொன்னாரு" என்றாள். நான் சொன்னேனாம். எப்போது சொன்னேன், யாரிடம் சொன்னேன்? சித்திரைக் கடைசியில் வந்து படுங்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது பக்கத்தில் நீயும்தானே நின்றாய், தலையையும் ஆட்டினாய். உடனே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ கொஞ்சமும் பதறவில்லை. "அப்பா, வைகாசியில கல்யாணம். அதுக்கு முன்னால கழுத்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு மேடையில எப்படி நிப்பிய? ஆடியில எப்படியும் நல்ல காரியம் எதுவும் கிடையாது, எல்லாரும் ஃப்ரீயாத்தான் இருப்போம். அப்ப வச்சுக்கிடுவோம்" என்றாய்.

ஆடியில் நாம் எல்லாரும் ஃப்ரீ. சரி. என் மூச்சுக்குழாய் ஆடி வரைக்கும் ஃப்ரீயாக இருக்குமா என்று அதனிடம் கேட்டாயா? பெண் அழைப்புக்கு நேரம் பார்த்தாய், தாலி கட்ட நேரம் பார்த்தாய், அதே கையோடு என் தொண்டைக்கும் ஒரு முகூர்த்தம் பார்த்துவிட்டாய். உன் ஆபீசில் தேதிகளை முன்னும் பின்னும் நகர்த்துவதுதான் உனக்கு வேலை என்று பெருமையாகச் சொல்வாய். அங்கே கம்ப்யூட்டரில் ஓடுகிற எதையோ நகர்த்துகிறாய். இங்கே நீ நகர்த்தியது உன் அப்பனை. எனக்குத் தெரியாமல், என் பேரைச் சொல்லி நகர்த்தியிருக்கிறாய்.

போன வைகாசியை நினைத்துப் பார். கடையத்தில் உன் அம்மாவுக்கு வந்த வயலில், எலுமிச்சைக்குத் தண்ணீர் திருப்ப வாய்க்கால் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தேன். கணுக்காலில் நறுக்கென்றது. நல்ல பாம்பு. பக்கத்து வயல்காரர் என்னைத் தூக்கி வரப்பில் உட்கார வைத்துவிட்டு, பார்வை பார்க்கிற ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், அங்கே போய்விட்டு ஆஸ்பத்திரி போகலாம் என்றார். உன் அம்மா அழுதுகொண்டே உனக்குப் போன் போட்டாள். அந்தப் போனில் நீ போட்ட சத்தம் எட்டடி தள்ளி இருந்த எனக்குக் கேட்டது. "மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனா ஒருத்தரையும் சும்மா விடமாட்டேன். நேரா தென்காசி ஆஸ்பத்திரி. ஒரு நிமிஷம் நிக்கப்பிடாது, வண்டியை எடுக்கச் சொல்லும்மா" என்று கத்தினாய். கண் இமை இரண்டும் தொங்க ஆரம்பித்திருந்தது, நாக்கு கனத்துவிட்டது, ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். நம்ம பயல் நம்மளை மாதிரியே சத்தம் போடுகிறானே என்று. அன்றைக்கு ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது என்றவன் இன்றைக்கு மூன்று மாதம் நிற்கலாம் என்கிறாய். அந்தக் கணேசன் எங்கே போனான் என்றுதான் இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை மறந்துவிட்டாய். விஷமுறிவு ஊசி போட்டார்கள், மூச்சு நின்றுவிடும் போலிருக்கிறது என்று திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள், அங்கே வாய்வழியாகக் குழாயை விட்டு வென்டிலேட்டரில் போட்டார்கள். விஷம் இறங்கியது, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, குழாயை எடுக்க முடியாமல் வாரக்கணக்கில் கிடந்தேன். அந்தக் குழாய் இல்லாவிட்டால் எனக்குப் பால் ஊற்றியிருப்பீர்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குழாய் உள்ளே நகராமல் இருக்க அதன் நுனியில் ஒரு சின்ன பலூன் ஊதி வைத்திருப்பார்களாம். அது அழுத்திக்கொண்டே இருந்த இடத்தில் மூச்சுக்குழாய் புண்ணாகி, புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, வழியை இறுக்கிவிட்டது. நான் எழுந்து வீட்டுக்கு வந்து, கறி சோறு தின்ன ஆரம்பித்த பிறகு, சத்தமில்லாமல் இது நடந்திருக்கிறது.

சத்தமில்லாமல் என்றேனே, அது தப்பு. சத்தம் இருந்தது. ஊருக்கே கேட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் என் தொண்டையிலிருந்து விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். அப்போது ஆனிக் கடைசி, சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தை ஒட்டி மேலகரத்தில் வீடு இருந்தால் சீசனில் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். அருவியில் குளிக்க வருகிற சொந்தம் எல்லாம் நம் வீட்டில்தான் துண்டு மாற்றும். வந்தவர்கள் எல்லாரும் என் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பூரிக்குக் கிழங்கைத் தொட்டுக்கொண்டே ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். "உடம்புல விஷம் மிச்சம் கெடக்கு, அதுதான் இழுக்குது" என்று ஒரு கூட்டம். "சாரல் ஒத்துக்கிடல, இளைப்பு வந்துட்டு" என்று ஒரு கூட்டம். முதல் கூட்டத்தை நம்பி உன் அம்மா எனக்கு உப்பில்லாத சோறு போட்டாள், புளியை நிறுத்தினாள், கசப்பாக எதையோ இடித்துக் கொடுத்தாள். இரண்டாவது கூட்டத்தில் டாக்டர்களும் இருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவராக எல்லாரும் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்கள், வீசிங் என்றார்கள், சாரல் நேரத்தில் எல்லாருக்கும் வருவதுதான் என்றார்கள், உறிஞ்சுகிற மருந்தைக் கையில் கொடுத்தார்கள்.

பிறந்ததிலிருந்து இந்தச் சாரலில்தான் நான் கிடக்கிறேன். தொப்பியில் தண்ணீர் சொட்டச் சொட்ட அருவிக்கரையில் நின்று பிழைத்தவன். ஒரு தும்மல் போட்டிருப்பேனா? பாம்பு கடித்து, வென்டிலேட்டரில் கிடந்து வந்தேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருவராவது அந்தக் குழாயையும் இந்தச் சத்தத்தையும் சேர்த்து யோசித்தார்களா? சாரல் வாயில்லாப் பூச்சி, அதன்மேல் பழியைப் போட்டால் திருப்பிக் கேட்காது. நானும் நாக்கு வறள உறிஞ்சிக்கொண்டே இருந்தேன். ஆவணி முடிந்து சாரலும் போய்விட்டது, வெயில் அடிக்கிறது, என் சத்தம் மட்டும் போகவில்லை. கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போன அன்று தெப்பக்குளம் வரை நடக்க முடியாமல் உதடு நீலம் பூத்து உட்கார்ந்த பிறகுதான், நீ லீவு போட்டு வந்து மதுரைக்குக் கூட்டிப் போனாய்.

அந்த டாக்டரம்மா முதுகுப்பக்கம் போகவே இல்லை, பார்த்தாயா? நான் அறைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள், "ஐயா, சத்தம் மூச்சை உள்ள இழுக்கும்போது வருது. ஆஸ்துமான்னா பெரும்பாலும் வெளிய விடும்போதுல்ல வரும்" என்று சொல்லிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை என் தொண்டைக்குழியில் வைத்தார். அடுத்ததாக, "எப்பவாவது வென்டிலேட்டர்ல இருந்தீங்களா?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை மாதமும் நான் எல்லாரிடமும் கரடியாய்க் கத்தியதை முதல் முறையாக ஒருவர் அவராகவே கேட்டார். உள்ளே கேமரா விட்டுப் பார்த்ததை நமக்கும் காட்டினார். விரல் பருமனுக்கு இருக்க வேண்டிய வழி, பேனா ரீஃபில் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. நீ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றாய். நான் கவனித்தேன்.

விரித்துவிட்டார்கள். மறுபடி சுருங்கியது. மறுபடி விரித்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு நல்ல நுனிகளைச் சேர்த்துத் தைப்பதுதான் சரியான வைத்தியம் என்றார் டாக்டரம்மா. ஆனால் அப்போது என் உடம்பில் வலு இல்லை, நெஞ்சில் சளி, புண்ணிலும் வீக்கம். அதெல்லாம் வடியும் வரைக்கும் மூச்சு போய்வர ஒரு வழி வேண்டுமே. அதற்காகத்தான் மூடுதுணி போட்ட மாதிரி மெல்லிய உறை போட்ட கம்பிவலை ஸ்டென்டை வைத்தார்கள். சுருட்டி உள்ளே அனுப்பினால் அது அந்த இடத்தில் தானாக விரிந்து சுவரைத் தாங்கிக்கொள்கிறது. மயக்கம் தெளிந்து நான் இழுத்த முதல் மூச்சை இன்றைக்கும் மறக்கவில்லை. சத்தமே இல்லை. காற்று அதுபாட்டுக்கு உள்ளே போனது. நர்சிடம் காப்பி கேட்டேன்.

அன்றைக்கு டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் நீ காதில் வாங்கியிருக்கிறாய். "நல்லா வேலை செய்யுது" என்றாரே, அந்தப் பாதி. மீதியை நான் ஞாபகப்படுத்துகிறேன். "ஐயா, இது வாழைக்கு வைக்கிற முட்டு மாதிரி, நிரந்தரம்னு நினைச்சிராதீங்க" என்றார். உறை இல்லாத வெறும் வலையாக இருந்தால் சதை கண்ணிகளுக்குள் வளர்ந்து பின்னிக்கொள்ளும், பிறகு பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். திரும்ப எடுக்க வேண்டும் என்றுதான் உறை போட்டதை வைத்திருக்கிறோம் என்றார். உறை இருப்பதால் அது சுவரைக் கெட்டியாகப் பிடிக்காது, நழுவலாம். மூச்சுக்குழாயின் உள்சுவர் சளியை மேலே தள்ளித் தள்ளிக் கொண்டுவருமாம், ஸ்டென்ட் மூடிய இடத்தில் அந்த வேலை நடக்காது. அதனால் சளி உள்ளேயே காய்ந்து ஒட்டும். ஸ்டென்டின் இரண்டு ஓரத்திலும் உரசி உரசிச் சதை வளரும். காலையும் மாலையும் உப்புநீர் ஆவி பிடிக்க வேண்டும், சொன்ன தேதிக்கு வந்து உள்ளே பார்க்க வேண்டும், சொன்ன தேதிக்கு எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் அவர் நம் இருவரையும் பார்த்துத்தான் சொன்னார்.

மாசியில் பார்த்தபோது மேல் ஓரத்தில் சதை வளர ஆரம்பித்திருந்தது. "சித்திரையைத் தாண்ட வேண்டாம். இப்ப கெட்டது சின்னத் துண்டு. வெட்டிட்டுத் தைச்சிரலாம். இந்தச் சதை இன்னும் கீழயும் மேலயும் பரவிட்டா, வெட்ட வேண்டிய நீளம் கூடிரும். ரொம்ப நீளமா வெட்டினா ரெண்டு நுனியும் எட்டாது. அப்புறம் ஆயுசுக்கும் கழுத்துல ஓட்டை போட்டு அதுவழியாத்தான் மூச்சு" என்றார். இதைவிட வெளிப்படையாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? நீ தள்ளிவைத்த மூன்று மாதத்தில் அந்தச் சதை சும்மா இருக்குமா? அதற்கு உன் கல்யாணப் பத்திரிகையை அனுப்பி வைத்தாயா?

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். நீ காலேஜில் படித்தபோது சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு வந்தாய். மெயின் அருவியில் நான் டியூட்டி. நீங்கள் எல்லாரும் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து, மசாஜ் பண்ணிக்கொண்டு, பளபளவென்று வந்து நின்றீர்கள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரின் நிறம் மாறியது, மேலேயிருந்து சருகும் குச்சியும் வர ஆரம்பித்தது. விசிலை ஊதி எல்லாரையும் வெளியே ஏற்றினேன். நீ மட்டும் வந்து, "அப்பா, எண்ணெய் தேய்ச்சாச்சுப்பா. அஞ்சு நிமிஷம். சோப்பு போட்டுட்டு வந்திருதோம்" என்றாய். அந்த வார்த்தையை நான் ஒவ்வொரு சீசனிலும் கேட்டிருக்கிறேன். மலையில் மழை பெய்து தண்ணீர் மேலே ஏறி வருகிறது என்று தெரியும், ஆனாலும் எண்ணெய் தேய்த்தாகிவிட்டது, அதனால் குளித்தே ஆக வேண்டும். இந்தப் புத்தி உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது உண்டா என்று தெரியவில்லை. சிநேகிதர்கள் முன்னால் உன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன், எண்ணெயில் வழுக்கி வழுக்கிப் போனது உன் கை. கொஞ்ச நேரத்தில் நீங்கள் நின்ற இடத்தில் தண்ணீர், அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச் வளைவைத் தொட்டு விழுந்தது. அதற்குப் பிறகும் நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது, "மண்டபம் புக் பண்ணியாச்சுப்பா, பத்திரிகை அடிச்சாச்சுப்பா" என்கிறாய். எனக்கு அந்த எண்ணெய் நாற்றம்தான் அடிக்கிறது. ஒரு காரியத்துக்குத் தயாராகிவிட்டோம் என்பதனாலேயே அந்தக் காரியம் நடந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்டிக்கொண்டு வாழப் போகிறாயே, அந்த வாழ்க்கையில் இது உனக்கு அடிக்கடி தேவைப்படும், அதனால் சொல்கிறேன்.

இனி இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை சுரண்டையிலிருந்து உன் மாமனார் வந்தார். பை நிறையப் பழம், கூடவே ஒரு பாட்டிலில் ஆடாதோடைக் கஷாயம். "அண்ணாச்சிக்கு லேசா வீசிங்குன்னு மாப்பிள்ளை சொன்னாவ. எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இதை ஒரு மண்டலம் குடிச்சுப் பாருங்க, ஓடியே போயிரும்" என்று அன்பாகக் கொடுத்தார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். அப்படியானால் அவளுக்கும் தெரியும். வீசிங். எந்த வார்த்தையைச் சொல்லி என்னை மாதக்கணக்கில் சாகடித்தார்களோ, அதே வார்த்தையை நீ எடுத்துப் பெண் வீட்டில் கொடுத்திருக்கிறாய். அவர்கள் தெரியாமல் சொன்னார்கள். நீ அந்தப் படத்தைப் பார்த்தவன், பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றவன். உனக்கு என்ன கேடு?

கஷாயத்தை மேசையில் வைத்துவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாம்பு, குழாய், தழும்பு, ஸ்டென்ட், சதை, ஆபரேஷன் எல்லாம். நடுநடுவே இருமினேன், அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "இதை ஏன் அண்ணாச்சி மறைக்கணும்? உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா நாங்க பொண்ணு தரமாட்டோம்னா சொல்லியிருப்போம்? எங்களை அவ்வளவு மட்டமா நெனச்சுட்டாவளே மாப்பிள்ளை" என்றார். காப்பி அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விட்டார். கோபமாகப் போகவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முகம் விழுந்துபோய்ப் போனார்.

மறுநாள் உன் பவித்ரா போன் போட்டாள். இதுவரை எனக்கு அவள் தனியாகப் போன் போட்டதில்லை. அழவில்லை, சண்டை போடவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்டாள். நான் இருமியபோது முடியும் வரை காத்திருந்தாள், உன்னைப் போலப் பேச்சைத் தொடரவில்லை. கடைசியில், "மாமா, எங்கிட்டயும் அவிய வீசிங்னுதான் சொன்னாவ. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். வேற எதையெல்லாம் வீசிங்னு சொல்லியிருக்காவ?" என்று கேட்டாள். இத்தனை வருஷப் போலீஸ் வேலையில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. "அதை அவன்கிட்டயே கேளும்மா" என்றேன். "அவிய சொன்னா நான் நம்பணுமே மாமா" என்றாள். கணேசா, உன் கல்யாணத்துக்கு ஆபத்து என் தொண்டையால் வரவில்லை. அது எங்கேயிருந்து வந்திருக்கிறது என்று உனக்கே தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் போன் அவளுக்குப் போடு. அவள் கேட்கும் முன்னால் நீயாகச் சொல். சொல்ல வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடேயே சொல்.

நான் உன்னை வெறுத்து இதை எழுதவில்லை. நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று உட்கார்ந்து யோசித்தேன். மேடையில் அப்பா நிமிர்ந்து நிற்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும், கழுத்தில் கட்டோடு ஒரு நோயாளியைப் படத்தில் வைக்கக் கூடாது என்று நினைத்திருப்பாய். அது என்மேல் உள்ள பிரியம்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் படத்தில் நிற்கிற அப்பனுக்காக, மூச்சு விடுகிற அப்பனை ஆடி வரைக்கும் காக்க வைக்கிறாயே. காலையில் ஆவி பிடித்து முடிக்கும்போது சில நாள் சளி உருண்டு வந்து ஸ்டென்டில் அடைத்துக்கொள்ளும். காற்று உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. உன் அம்மா முதுகில் அறைவாள். அது விலகுகிற வரைக்கும் எனக்கு இந்த வீடும் தெரியாது, உன் கல்யாணமும் தெரியாது, ஒரே ஒரு மூச்சு கிடைத்தால் போதும் என்று இருக்கும். பயமாக இருக்கிறது கணேசா. பாம்பு கடித்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. இதை உன்னிடம் போனில் சொல்ல நான் இரண்டு தடவை முயற்சி செய்தேன். "எல்லாம் சரியாயிரும்ப்பா" என்று நீ முடித்துவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் நானே பேசிவிட்டேன். டாக்டரம்மாவே லைனில் வந்தார். மகன் சொன்னதை நம்பி உங்களிடம் கேட்காமல் மாற்றியது எங்கள் தப்பு என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. பழைய தேதி பழையபடி கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை தென்காசியில் மதுரை பஸ் ஏறுகிறோம், நானும் உன் அம்மாவும். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்தை அவளே போடுவாள். மண்டபத்தை விடுவதா, வைத்துக்கொள்வதா, வைகாசியா ஆவணியா என்பதை நீயும் பவித்ராவும் பேசி முடிவு செய்யுங்கள். அவள் இன்னும் உன்னோடு பேசுகிறாள் என்றால். நான் எங்கேயாவது ஒரு ஓரத்தில் நின்று அட்சதை போட்டுக்கொள்கிறேன், மூச்சு இருந்தால் போதும்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் தையல் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கழுத்தை நிமிர்த்த விடமாட்டார்களாம். தாடைக்கு அடியில் இருக்கிற தோலை நெஞ்சுத் தோலோடு சேர்த்துத் தையல் போட்டுவிடுவார்களாம். ஒரு வாரம்போல அப்படியே குனிந்த தலையோடுதான் உட்கார வேண்டும், தூங்க வேண்டும், கஞ்சி குடிக்க வேண்டும். பேசவும் கூடாது என்றார். மாவட்டம் முழுக்க எத்தனையோ பெரிய மனிதர்கள் முன்னால் தலை குனியாமல் நின்றவன், அந்த வாரம் வார்டு கூட்ட வருகிறவர்களின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ வருவாயா, மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. வா என்று நான் கூப்பிடவும் இல்லை. ஆனால் வந்தால், கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு நீ எதையும் ஆரம்பிக்காதே, என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது. தரையில் உட்கார். என் முழங்காலுக்குக் கீழே வந்து உட்கார். அப்போதுதான் உன் முகம் எனக்குத் தெரியும்.

அப்பா